கூரத்தாழ்வானும் கோயில் வாசலும்

புளியங்குடியிலிருந்து வடக்கே யாத்திரை செல்லும் அடியார்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் மங்களாசாஸனம் செய்து, மதுரையைக் கடந்து திருமாலிருஞ்சோலையை அடையலாம். அங்கே அழகரை ஸேவிக்கையில், திருக்கண்களை இழந்தபின் அத்திருமலையில் எழுந்தருளியிருந்த கூரத்தாழ்வானை நினையாதிருக்க முடியாது. அவர் அங்கு வந்த காரணம் பலரும் அறிந்ததே. ஆயினும் நற்குணம் எதற்கு என்று ஆராய்வோர்க்கு அதனினும் சிறந்த இடமில்லை.

காஞ்சிக்கு அருகே கூரத்தில், தை ஹஸ்தத்தில் அவதரித்தவர் ஆழ்வான். பெருஞ்செல்வத்தைத் துறந்து, தேவியாரான ஆண்டாளோடு திருவரங்கம் புகுந்து, எம்பெருமானார் (1017) திருவடிகளில் வாழ்ந்தார். வழியில் காட்டிருளில் தேவியார் அஞ்ச, மடியில் பொருள் இருந்தாலன்றோ பயம் என்று வினவினார். கணவர் அமுது செய்வதற்கென அவர் கொணர்ந்த பொன்வட்டில் வெளிப்பட்டது. அதையும் வாங்கி எறிந்தார். போதாயன விருத்தியை ஒருமுறை நோக்கியே நெஞ்சில் தரித்த அவருடைய மேதை தனியே விரித்துரைக்கத் தக்கது.

சோழனால் உடையவருக்கு ஆபத்து நேர்ந்தபோது, அவருடைய காஷாயத்தையும் திரிதண்டத்தையும் தாமே தரித்து, பெரிய நம்பியோடு அரசவை சென்றார். அரசனைத் தூண்டியவன் அவருடைய சீடனேயான நாலூரான். கைச்சாத்திட மறுத்ததனால் இருவருக்கும் கண்கள் போயின. நம்பி வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். உடையவரோ மேல்நாட்டில் இருந்தார்.

தனியராய் மீண்ட ஆழ்வான் பெரிய பெருமாளை ஸேவிக்கச் சென்றார். எம்பெருமானார் ஸம்பந்தமுடைய எவரையும் உள்ளே விடலாகாது என்பது அரசாணை என்று வாசல் காப்போரில் ஒருவன் தடுத்தான். மற்றொருவன், இவர் ஆத்மகுணம் நிறைந்தவர், எவரிடத்தும் பகையற்றவர், ஆகவே விடலாம் என்றான். புகழ்ச்சிதான், வாசலும் திறந்தே இருந்தது. ஆழ்வான் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். ஆத்மகுணங்கள் ஆசார்ய ஸம்பந்தத்துக்கு உறுப்பாக வேண்டியிருக்க, தமக்கு அவையே அதை அறுப்பனவாயினவே என்று வருந்தினார். அந்த ஸம்பந்தத்தை விட்டுப் பெறும் பெருமாள் ஸேவையும் வேண்டாவென்று திரும்பினார். கண்ணற்றவர்க்கு அவ்வாசலில் கிட்டவிருந்தது ஸந்நிதியில் நிற்கும் பேறு ஒன்றே. அதையும் விட்டே திருமாலிருஞ்சோலை சென்றார். ஸுந்தரபாஹு ஸ்தவம் அங்கே பிறந்தது.

பின்பு உடையவர் மீண்டு, அவரைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்று, பேரருளாளனைத் துதித்துக் கண்களை வேண்டுமாறு நியமித்தார். வரதராஜ ஸ்தவம் பாடி முடிந்ததும் எம்பெருமான் திருவுள்ளம் உகந்தான். ஆழ்வானோ, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று விண்ணப்பித்தார்.


எம்பெருமான் அதற்கு இசைந்தான். கண்ணைக் கேளாது வந்தாரே என்று உடையவர் முதலில் வெறுத்தார்.