சுதேசிக் கப்பல் கண்ட சிதம்பரனார்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்குச் செல்வோர் ஆங்குச் சுப்பிரமணிய சிவத்தின் நினைவிடத்தைக் காண்பர். 1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் அவ்வீரர் உயிர் நீத்த ஊர் அது. அவ்விடத்தே நிற்குங்கால், அவருடன் ஒரே வழக்கில் குற்றஞ்சாட்டப்பெற்று, ஒரே நாளில் தண்டனை ஏற்ற மற்றொரு பெரியாரும் நம் நினைவில் எழுகின்றார். அவரே தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளை. வாணிகம் செய்வார் பலருண்டு. வாணிகத்திற்காகத் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்தவர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்த இவர் வரலாற்றை நாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையாரைப் போலவே வக்கீல் தொழிலை மேற்கொண்டு, பின்னர்த் தூத்துக்குடியிற் குடியேறினார். ஏழைகளின் வழக்குகளைப் பொருள் பெறாமலே நடத்திக் கொடுத்தமையால் நற்பெயர் எய்தினார். அமைதியாக வாழ்ந்து செல்வம் ஈட்டுதற்கு அவருக்குத் தடையொன்றுமில்லை.

ஆனால் அவர் நாள்தோறும் கண்ட துறைமுகம் அவரை அமைதியாக இருக்க விடவில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மக்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் உரிமை, நடைமுறையில், பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியார் கையிலேயே இருந்தது. அவர் வைத்ததே கட்டணம். வழி ஒருவர் கையில் இருக்குமாயின் வாணிகமும் அவர் கையிலேயே இருக்கும் என்னும் உண்மையைச் சிதம்பரனார் தெளிவாக உணர்ந்தார்.

1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைமை தாங்கினார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார். ஜமீன்தாரும் வணிகரும் சமய வேறுபாடின்றி ஒரு முயற்சியில் இணைந்தமை அக்காலத்து அரிய காட்சியாம்.

தொடக்கத்தில் வாடகைக் கப்பல்களையே கொண்டு தொழில் நடந்தது. எதிர்க் கம்பெனியாரின் நெருக்கத்தால் அவ்வாடகை முறிந்தது. பிறர் கப்பலை நம்பிப் பயனில்லை எனக் கண்ட சிதம்பரனார் பம்பாய்க்குச் சென்றார். கப்பலுடனன்றித் திரும்புவதில்லையென உறுதி பூண்டார். ‘கலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் 1907இல் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளையும் நாலாயிரம் மூட்டைச் சரக்கையும் சுமக்க வல்லது.

பின்னர் நிகழ்ந்த கட்டணப் போர் கடுமையானது. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாக்கினர். இறுதியில் அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்ததுடன், பிரயாணிகளுக்குக் குடையும் கொடுத்தனர் என்பர். பெருஞ்செல்வமுடையார்க்கு நட்டம் ஒரு படைக்கலம். சிறு முதலுடையார்க்கு அதுவே மரணம்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி நூலாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சிதம்பரனாரும் சிவமும் அவர்கட்குத் துணை நின்று வெற்றி பெறச் செய்தனர். மார்ச்சு 12ஆம் நாள் இருவரும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கலகத்தில் நால்வர் உயிரிழந்தனர். நீதிபதி பின்ஹே ராஜத்துரோகத்திற்கு இருபதாண்டும், சிவத்திற்கு உடந்தையாயிருந்ததற்கு இருபதாண்டும் சிதம்பரனாருக்கு விதித்தார். நண்பருக்குத் துணை நின்றமையே தனியொரு குற்றமாயிற்று! மேன்முறையீட்டில் தண்டனை குறைந்ததாயினும், கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த துன்பம் குறையவில்லை.

நடத்துவோனை இழந்த கம்பெனி நலிந்தது, 1911இல் கலைக்கப்பட்டது, கப்பல்களும் விலை போயின. ஈண்டு நாம் எதிரிகளை மட்டும் பழித்து அமைதல் தகாது. ஒருவர் தோளிலேயே முழுப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, அத்தோள் விலங்கிடப்பட்டபோது தாங்க முன்வராத நம்மவரின் குறையையும் உணர்தல் வேண்டும்.

1912 டிசம்பரில் அவர் கண்ணனூர்ச் சிறையினின்று வெளிவந்தார். முன்னாளில் ஆயிரக்கணக்காய்த் திரண்ட கூட்டம் அங்கில்லை. சிறையிலேயே தொழுநோய்க்கு இரையாகி, தமக்கு முன்னரே விடுதலை பெற்றிருந்த சிவம் ஒருவரே வாயிலிற் காத்து நின்றார் என்பர். அச்சிவமே பிற்காலத்தில் பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் கண்டார். அவர் அங்கு நினைத்த பாரதமாதா கோயிலுக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார்.

வக்கீல் உரிமையை இழந்த சிதம்பரனார் சென்னையில் வறுமையுற்றார். அந்நிலையிலும் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தும், ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கியும் பணி செய்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் அவ்வுரிமை மீண்டது. நன்றி மறவாத அவர் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். 2011இல் அத்துறைமுகமே அவர் பெயரைப் பெற்றது.

மாணவ நண்பர்களே! நம்முட் பலர் நாளை தொழில் தொடங்குவர். அதனினும் பலர் பிறர் தொழிலிற் பங்கு கொள்வர். முன்னவர்க்குச் சிதம்பரனாரின் துணிவு வேண்டும். பின்னவர்க்கோ, இலாபம் வருங்கால் உடனிருப்பதோடு, இடர் வருங்காலும் வாயிலிற் காத்து நிற்கும் சிவத்தின் உள்ளம் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருப்பின், அக்கப்பல்கள் இன்னும் நெடுநாள் ஓடியிருக்கும் என்றே நாம் எண்ணுகின்றோம்.