மண்ணில் மருந்து தேடிய மேதை சுப்பாராவ்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரக் காட்டு மண்ணை மிதித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். மண்ணுக்குள் மருந்தும் உண்டு என்பதை அறிய எல்லாப்பிரகடா சுப்பாராவின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். வறுமை ஒருபுறம் வாட்ட, உடன்பிறந்தோர் இருவரை ஸ்ப்ரூ எனும் குடல்நோய் பறித்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அவர் தளரவில்லை. 1923-இல் ஹார்வர்டு சென்றார். அங்கும் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அவருடைய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தோரைக் கொன்ற நோய்க்கே அது மருந்தானது!

அவர் தலைமையில், எழுபது வயதைக் கடந்த பூஞ்சை வல்லுநர் டக்கர் பல ஊர்களின் மண்ணைச் சோதித்தார். மிசூரி மாநில வயல்மண்ணில் பொன்னிற ஸ்ட்ரெப்டோமைசஸ் கிடைத்தது. இழைகளாக வளர்வதால் அன்று பூஞ்சையாகக் கருதப்பட்ட அது, உண்மையில் பாக்டீரியா. அதிலிருந்து பிறந்த ஆரியோமைசின், 1948-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவே டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மருந்து. தோட்டப்புறத் தொழிலாளரைத் தாக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கு அக்குடும்பத்து மருந்துதான் இன்றும் தரப்படுகிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் மறைந்தார். குறைந்த சான்றிதழ் அவரைத் தடுக்கவில்லை. தோட்டத்து மாணவரே, ஆய்வுக்கூடம் உங்களுக்கும் உரியது!