நண்டுக்குப் பெயரிட்ட நல்லறிஞர்

யாழ்ப்பாணக் கடனீரேரியின் கண்டற் புதர்களிடையே வளை தோண்டி வாழும் சேற்று நண்டின் சுவையை அறிந்தோர் பலர். ‘சில்லா செர்ராற்றா’ என்னும் அதன் அறிவியற் பெயருக்குப் பின்னே ஓர் இளைஞரின் வாழ்வு இருப்பதை அறிந்தோர் சிலரே. அவ்வாழ்வை நம் மாணவர்க்கு எடுத்துரைத்தல் தகும் எனக் கருதுகிறேன்.

பீற்றர் போர்ஸ்கோல் 1732ஆம் ஆண்டில், அந்நாளிற் சுவீடனைச் சார்ந்திருந்த எல்சிங்கியிற் பிறந்தார். உப்சாலாவில் லின்னேயசிடம் பயின்றார். 1759இல் குடிமக்களின் உரிமை பற்றி அவர் வெளியிட்ட சிறுநூலை அரசு தடை செய்தது. அதன் பிரதிகளைத் திரட்டும் கடமை, பல்கலைக்கழகத் தலைவராயிருந்த லின்னேயசின் மீதே வீழ்ந்தது.

1761இல், டென்மார்க் மன்னர் அராபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் இயற்கை அறிஞராகக் கப்பலேறினார். செங்கடலில் தாம் கண்ட உயிர்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். ஓட்டின் இரு விளிம்பிலும் ஒன்பது ஒன்பது கூரிய பற்களையுடைய நண்டொன்றுக்கு, வாட்பல் உடையது என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். 1763 யூலையில் யேமனின் யரீம் நகரில் மலேரியா அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 31. குழுவின் அறுவருள் உயிருடன் மீண்டவர் நீபூர் ஒருவரே. அவர் நண்பரின் கையெழுத்துப் படிகளைப் பேணி 1775இல் அச்சேற்றினார்.

1833இல் டி ஹான் வகுத்த ‘சில்லா’ என்னும் பேரினத்துக்கு இந்நண்டே மாதிரி இனம். அஃதாவது, பேரினத்தின் பெயர் பிணைந்து நிற்கும் இனம். ஆயினும் போர்ஸ்கோல் கண்ட மூல நண்டு எஞ்சவில்லை. குறிப்போ மிகச் சுருக்கம். ஆதலால் தரங்கம்பாடியின் பெயர் தாங்கி 1798இல் பப்ரீசியசு விவரித்த நண்டும் பிறவும் இதனோடு மயங்கின. 1949இல் எஸ்தம்பதோர் அவற்றைப் பிரித்தார். 1960இல் வேறு அறிஞர் மீண்டும் ஒன்றாக்கினர். 1998இல் கீனனும் துணைவரும் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, நான்கு இனங்கள் உளவென நிறுவினர். செங்கடல் நண்டொன்றையே செர்ராற்றாவின் புதிய மூலமாதிரியாகவும் நியமித்தனர். போர்ஸ்கோல் மறைந்து 235 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. இவ்வினங்கள் வெவ்வேறு அளவில் முதிர்வன. பெரிய இனத்துக்கு வகுத்த பிடி அளவு சிறிய இனத்துக்குப் பொருந்தாது. பெயர் பிழைத்தால் காப்பு விதியும் பிழைக்கும். அதனால் இழப்பு மீனவர்க்கே. நம் கடனீரேரியின் உயிர்களையும், எங்கே எப்போது கண்டோம் என்னும் குறிப்போடும் மாதிரியோடும் பேணிவைக்க நம் மாணவர் முன்வருதல் வேண்டும்.