பக்கம் சார்ந்த பத்திரிகையாளர்

கொல்லிமலைக்கு மேற்கேயுள்ள இராசிபுரத்தில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு. ஓரியைப் பாடிய புலவர்களைப் போற்றும் நம் வட்டாரம், இவ்விதழாளரையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டது.

மருத்துவத் தொழில் புரிந்துவந்த அவர், நாட்டுத்தொண்டில் இறங்கி, 'பிரபஞ்ச மித்திரன்', 'தமிழ்நாடு' ஆகிய ஏடுகளை நடத்தினார். இரண்டும் காங்கிரசின் பிரசார ஏடுகளே. நடுநிலை என்னும் போர்வையை அவர் போர்த்திக்கொள்ளவில்லை. எழுத்துக்காகவும் பேச்சுக்காகவும் சிறை சென்றார். 1918இல் மதுரைச் சொற்பொழிவு குறித்த வழக்கில் அவருக்காக வாதாடியவர் இராஜாஜி.

1925இல் அந்தச் சார்புக்கே சோதனை வந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலம் காங்கிரசின் நிதியுதவி பெற்றது. அங்கே பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி. தம் கட்சி ஆதரித்த நிறுவனம் என்று பாராமல், 'தமிழ்நாடு' ஏட்டில் நாயுடு கடுமையாகத் தாக்கினார். அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பரப்புரையின் வேகத்தில் எதிர்த்தரப்பின் சொல்லுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்? தமிழுக்குச் சிறுகதை தந்த ஐயர், குருகுலப் பொறுப்பிலிருந்து விலகி, அவ்வாண்டு ஜூனில் பாபநாச அருவியில் மறைந்தார்.

நாயுடு 1932இல் சென்னையில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழைத் தொடங்கினார். பணமுடையால் அது விரைவிலேயே சதானந்தின் கைக்கு மாறிற்று. 1957இல் அவர் காலமானார்.