ஹெலிகாப்டர் தந்த சிகோர்ஸ்கி

சோதனைச் சாலையில் ஒரு முயற்சி இரண்டு முறை தோற்றால், "இந்தத் துறையே நமக்கு ஒத்துவராது" என்று விடுதி அறையில் புலம்புகிறோம். அப்படிப் புலம்பிய ஓர் இரவில்தான் நான் இகோர் சிகோர்ஸ்கியின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது.

அவர் 1889இல் கீவ் நகரில் பிறந்தார். தந்தை உளநூற் பேராசிரியர். பொறியியல் மாணவராயிருந்த இகோர், தமக்கை தந்த பணத்தில் பாரிஸ் சென்று 25 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். 1909இல் ஒரு ஹெலிகாப்டரைக் கட்டினார். அது மண்ணைவிட்டு எழவில்லை. மறு ஆண்டு கட்டிய இரண்டாவது பொறி தன் பாரத்தை மட்டுமே தூக்கியது, ஆளைத் தூக்கவில்லை. அன்றைய எஞ்சின்களுக்கு வலிமை போதாது என்பதை உணர்ந்து, அந்தக் கனவை ஒதுக்கி வைத்தார். ஒதுக்கினாரேயன்றி மறக்கவில்லை.

பிறகு சிறகு விமானங்களில் இறங்கினார். எரிபொருள் வழியில் ஒரு கொசு அடைத்து எஞ்சின் நின்றுபோக, அவர் விமானம் தரையில் மோதியது. ஓர் எஞ்சினை நம்பி உயிரை ஒப்படைக்கலாமா என்ற கேள்வி பிறந்தது. 1913இல் நான்கு எஞ்சின் விமானத்தைப் பறக்கவிட்டார். அடுத்து வந்த 'இலியா முரோமெட்ஸ்' பயணிகளுக்காகப் பிறந்தது. 1914இல் போர் மூண்டதும் குண்டு வீசப் போயிற்று.

ரஷியப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, 1919இல் அமெரிக்கா சேர்ந்தார். அங்கே அவருக்கு வேலை இல்லை. தம்மைப்போலக் குடியேறிய ரஷியர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1923இல் ஒரு கோழிப் பண்ணையில் விமானத் தொழிலைத் தொடங்கினார். அவருக்கு 5,000 டாலர் கொடுத்து உதவியவர் இசை மேதை ரக்மானினோவ். அயலூரில் படிக்கும் நமக்கு, சொந்த மொழிக்காரர் ஒருவரின் கை எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

1939 செப்டம்பர் 14 அன்று, தம் ஐம்பதாம் வயதில், தொப்பி அணிந்தபடி தாமே ஓட்டி, வி.எஸ்.300 என்ற ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து எழுப்பினார். ஜெர்மனியில் போக் என்பவர் 1936லேயே ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டிருந்தார். ஆனால் அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுழலிகள். மேலே ஒரே சுழலி சுற்றினால் உடல் எதிர்த்திசையில் சுழலும். அதைத் தடுக்க வாலில் சிறு சுழலி ஒன்றை வைத்து வெற்றி கண்டார் சிகோர்ஸ்கி. இன்றுள்ள ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை அந்த வழியையே பின்பற்றுகின்றன.

அவருடைய ஆர்.4 போர்முனைக்குச் சென்ற கதை நம் நாட்டோடும் தொடர்புடையது. 1944 ஏப்ரலில், அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து புறப்பட்ட கார்ட்டர் ஹார்மன், பர்மாக் காட்டில் எதிரிகளுக்கிடையே சிக்கியிருந்த நால்வரை மீட்டார். வெப்பத்தால் எஞ்சின் திணறியது. ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. நான்கு தடவை போய் வந்தார். போரில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்புப் பணி இதுவே.

1945 நவம்பரில் கனெக்டிகட் கரையருகே புயலில் தவித்த எண்ணெய்ப் படகிலிருந்து இருவரை அவர் ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கியது. 1951 செப்டம்பரில், கொரியாவில், அதே குலத்துப் பெரிய பொறிகள் 224 படைவீரர்களை மலையுச்சியில் இறக்கின. மீட்க வந்த கருவி, போரிடுவோரைச் சுமக்கவும் கற்றுக்கொண்டது. 1954இல் இந்திய விமானப் படை பெற்ற முதல் ஹெலிகாப்டரும் அவருடைய எஸ்.55தான்.

1972இல் சிகோர்ஸ்கி மறைந்தார். அவர் கம்பெனியின் 'பிளாக் ஹாக்' 1974இல்தான் முதன்முதலாகப் பறந்தது.

ஒரே மனிதரின் மூளை குண்டு விமானத்தையும் தந்தது, காயம்பட்டவனைத் தூக்கும் கருவியையும் தந்தது. நாம் செய்யும் பொருள் நாளை யார் கைக்குப் போகும் என்பது நம் வசத்தில் இல்லை. ஆனால் அதை எதற்காகச் செய்கிறோம் என்பது நம் வசத்தில் உண்டு. நண்பர்களே, முதல் தோல்விக்கும் முதல் வெற்றிக்கும் நடுவே அவருக்கு முப்பது ஆண்டுகள் சென்றன. நமக்கு இன்னும் ஒரு பருவம்கூடக் கழியவில்லை!