ஏர் பிடிக்க முடியாத பையன்

பிராமா பிரஸ் படம் போட்டு நாமெல்லாம் மார்க் வாங்கியிருக்கிறோம். அந்த பிராமா யாரென்று யாராவது கேட்டோமா? அம்மாவின் இடியாப்ப அச்சு உடையும் வரை நானும் கேட்கவில்லை.

எங்கம்மா சேலையூரில் காலை வேளையில் வீட்டு வாசலில் இடியாப்பம் பிழிந்து விற்கிறார்கள். என் ஃபீஸ் அதில்தான். பித்தளை அச்சு கனம், கை வலிக்குது என்றார்கள். உடனே நான் ஒரு பிளாஸ்டிக் அச்சு வாங்கி வந்தேன். வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவன் ஆயிற்றே! மூன்றாம் வாரம் சுடுமாவை வைத்து அழுத்தும்போது வில்லை நடுவில் வளைந்து பிளந்தது. அன்றைக்கு வியாபாரம் போச்சு. அம்மா திட்டவேயில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

லைப்ரரியில் அச்சைப் பற்றித் தேடப் போனவன் பிராமாவிடம் போய் நின்றேன்.

ஜோசப் பிராமா 1748-ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு விவசாயிக்குப் பிறந்தார். பதினாறு வயதில் காலில் அடிபட்டது. இனி ஏர் பிடிக்க முடியாது என்று தச்சு வேலைக்கு விட்டார்கள். லண்டன் போய் வீடுகளில் கக்கூஸ் பொருத்தினார். அதிலிருந்த குறையைத் திருத்தி 1778-ல் காப்புரிமையே வாங்கிவிட்டார்! அடுத்து 1784-ல் பூட்டு. கள்ளச்சாவி போட்டுத் திறப்பவருக்கு 200 கினி என்று கடை ஜன்னலில் வைத்த பூட்டை 1851 வரை யாராலும் திறக்க முடியவில்லை.

அந்தப் பூட்டு வேலைக்குச் சேர்ந்தவர்தான் ஹென்றி மாட்ஸ்லே. வயது 18, நம்ம வயசு! 1795-ல் வந்த பிரஸ்ஸில் தண்ணீர் கசிவதை நிறுத்தியது ஒரு தோல் வளையம். அது மாட்ஸ்லேயின் யோசனை என்பார்கள். அழுத்தம் கூடக்கூட தோலின் விளிம்பு இன்னும் இறுகும். அவர் வாரம் 30 ஷில்லிங்குக்கு மேல் கூலி கேட்டபோது பிராமா மறுத்துவிட்டார். 1797-ல் மாட்ஸ்லே விலகினார். பிராமா பெரிய மூளைக்காரர்தான், ஆனால் முதலாளியாக எனக்குப் பிடிக்கவில்லை.

நம்ம விஷயமும் அதே 1797-ல்தான். உருகிய ஈயத்தைக் கைப் பம்ப்பால் தள்ளி, நடுவில் தண்டு வைத்த அச்சின் வழியே குழாயாகப் பிதுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இடியாப்பம் மாதிரியேதான்! ஈயம் உருக 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். அங்கே உலோக அச்சுதான் தாங்கும்.

அப்படியானால் பிளாஸ்டிக் அச்சுக்கு ஆகாதா? ஆகும். இத்தாலிக்காரர்களின் பாஸ்தா அச்சில் வெண்கல உடம்புக்குள் டெஃப்லான் துண்டு செருகுகிறார்கள். மாவு வழுக்கி வழவழவென்று வரும். வெறும் வெண்கலம் என்றால் சொரசொரப்பு, அதில் குழம்பு நன்றாக ஒட்டும் என்று அதையே விரும்புகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் சுமையை வெண்கலம் தாங்குகிறது. நான் வாங்கியதில் சுமையும் பிளாஸ்டிக் தலையில்! யங் குணகம் பித்தளைக்குச் சுமார் 100 ஜிகாபாஸ்கல், பாலிபுரொப்பிலீனுக்கு ஒன்றரை அளவுதான். சூட்டில் அதுவும் குறையும். பரீட்சைக்கு எழுதியதை வீட்டில் யோசிக்கவில்லையே!

பிராமா 1814 டிசம்பரில் காலமானார். தன் பிரஸ்ஸால் மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையைப் பார்க்கப் போன இடத்தில் குளிர் தாக்கியதாம்.

அம்மா மறுபடி பித்தளையில்தான் பிழிகிறார்கள். கை வலி இன்னும் இருக்கு. அதே வில்லைக்குத் திருகு வைத்த பிடி ஒன்றை லேத்தில் கடைய ஒர்க்ஷாப் சாரிடம் கேட்டிருக்கிறேன். சதுர மரை வெட்டத் தெரிந்த மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் யாராவது கூட வாங்க.

- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல்