கடலை வீட்டுக்கு அழைத்து வந்தவர்

ஒன்றைப் பெறுவது எளிது. பெற்றதைப் பேணுவது அரிது. செல்வத்துக்கும் கல்விக்கும் பொருந்தும் இவ்வுண்மை, ஒரு கண்ணாடித் தொட்டியில் வாழும் சிற்றுயிருக்கும் பொருந்தும். அதைத் தம் வாழ்நாள் முழுவதும் கற்று, உலகுக்கும் கற்பித்து, முடிவில் அதனாலேயே துயரும் அடைந்தவர் ஆங்கில நாட்டு இயற்கையியல் அறிஞர் பிலிப் ஹென்றி காஸ். கடலூருக்கோ புதுவைக்கோ பயணம் போனாலன்றிக் கடலைக் காணாத சேலம், நாமக்கல் மாணவர்களாகிய நாம் அவர் வரலாற்றை அறிவது பயனுடையது.

இளமைப் பருவம்

காஸ் 1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இங்கிலாந்தின் உர்ஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் ஊர் ஊராகச் சென்று சிற்றுருவ ஓவியங்கள் தீட்டிப் பிழைத்தவர். வறுமை வீட்டை விட்டு அகலவில்லை. ஆயினும் ஓவியக் கலை மகனுக்குச் சொத்தாக வந்து சேர்ந்தது. அவர் வளர்ந்தது பூல் என்னும் துறைமுக ஊர். அங்கே அவருடைய அத்தை பெல் அம்மையார், சிறுவன் கொண்டுவந்து காட்டிய கடல் உயிர்களைக் கடல் நீரில் இட்டு வளர்த்துப் பார்க்கத் தூண்டினார். பிற்காலப் பெருமரத்துக்கு விதை அதுவே.

பதினேழாம் வயதில் நியூபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு வணிக நிலையத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1835இல் கனடாவில் பயிர்த்தொழில் செய்து தோல்வி கண்டார். 1838இல் அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, அடிமை முறையின் கொடுமையைக் கண்டு மனம் கலங்கித் தாயகம் திரும்பினார். எங்குச் சென்றாலும் பூச்சிகளையும் பறவைகளையும் கூர்ந்து நோக்கி எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. 1844 முதல் 1846 வரை ஜமைக்காவில் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். 1848இல் எமிலி அம்மையாரை மணந்தார்.

தெவன் கரையில்

1852இல் உடல்நலம் குன்றவே, ஓய்வு வேண்டித் தெவன் கடற்கரைக்குக் குடும்பத்துடன் சென்றார். அலை வற்றியதும் பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் அவர் கண்ட உலகமே அவர் வாழ்வைத் திருப்பியது. அவற்றுள் அவர் நெஞ்சைக் கவர்ந்தது கடற்சாமந்தி. பூவைப் போல் விரிந்தாலும் அது பூவன்று, விலங்கு. அடிப்பாதத்தால் பாறையைப் பற்றிக்கொண்டு, கொட்டும் உயிரணுக்கள் நிறைந்த உணர்கொம்புகளால் இரையைப் பிடித்து, நடுவிலுள்ள வாயால் விழுங்குவது. உண்ணவும் கழிவை வெளியேற்றவும் அதற்கு ஒரே வாய்தான்.

கடல் உயிர்களை வீட்டில் வளர்ப்பது அந்நாளில் பெரும்பாடாக இருந்தது. அன்னா தைன் என்னும் அம்மையார் 1846இல் இலண்டனில் பவள உயிர்களை வளர்த்தபோது, பணிப்பெண் நாள்தோறும் நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றிக் காற்றூட்ட வேண்டியிருந்தது. செடி வெளியிடும் உயிர்வளி விலங்குக்கும், விலங்கின் கழிவு செடிக்கும் பயன்பட்டால் நீர் தூய்மையாக நிற்கும் என்று வேதியியலார் இராபர்ட் வாரிங்டன் 1850இல் நன்னீர்த் தொட்டியில் காட்டினார். காஸ் இதே நெறியைக் கடல் நீரில் செய்து காட்டினார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் திறக்கப்பட்ட மீன் இல்லத்துக்கு உயிர்களைத் திரட்டி அனுப்பினார். 1854இல் அவர் வெளியிட்ட நூலால்தான் அக்வேரியம் என்னும் சொல் இன்றைய பொருளில் உலகெங்கும் பரவியது.

பேணும் முறை

புதிதாகக் கொண்டுவந்த சாமந்தி பெரும்பாலும் பாதத்தில் பட்ட காயத்தாலேயே மடியும். ஆகவே அதைப் பாறையிலிருந்து பிய்க்காமல், பற்றியிருக்கும் கல்லோடு உளியால் பெயர்த்தெடுப்பதே காஸ் கையாண்ட முறை. தொட்டியில் முதலில் பச்சைக் கடற்பாசி. அது வேரூன்றிய பின்னரே விலங்கு. இந்த வரிசை மாறினால் நீர் கெடும்.

கடலுக்குத் தொலைவில் வாழ்வோருக்காகச் செயற்கைக் கடல் நீரும் அவர் ஆக்கினார். நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீரில் ஏறத்தாழ 100 கிராம் சோற்றுப்பு, 7 கிராம் எப்சம் உப்பு, 13 கிராம் மக்னீசியம் குளோரைடு, 2.6 கிராம் பொட்டாசியம் குளோரைடு என்பதே அவர் கணக்கு. சேலம் சுண்ணாம்புக்கரட்டில் நாம் காணும் வெள்ளைக்கல்லில் இருக்கும் மக்னீசியமே கடலின் கசப்புக்கும் காரணம் என்பது எண்ணி மகிழத்தக்கது. சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த திருந்திய கலவைகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன.

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. எனவே குறையும் அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு நீரையன்று. குழாய் நீரில் உள்ள குளோரினையும் முன்னரே நீக்க வேண்டும். நம் கடல்களில் வாழும் பெரிய சாமந்திகள் பலவற்றின் உடலில் நுண்பாசிகள் குடியிருந்து உணவு தருவதால் நல்ல ஒளி தேவை. சேலத்துக் கோடையில் நீர் சூடேறாமல் காப்பதும் தேவை. புதிய தொட்டி சில மாதம் பழகிய பிறகே சாமந்தியை இடலாம். இட்டபின் அது தானே நகர்ந்து இடம் தேடும். அதைத் தொந்தரவு செய்யலாகாது. இரையைச் சிறு துண்டாகக் கொடுத்து, உமிழ்ந்த எச்சத்தை உடனே அகற்ற வேண்டும். இறந்துபோன ஒரு சாமந்தி தொட்டி முழுவதையும் அழுகச் செய்துவிடும்.

புகழும் துயரமும்

1856இல் காஸ் அரச கழகத்தின் உறுப்பினரானார். மறு ஆண்டு பிப்ரவரியில் எமிலி அம்மையார் மார்புப் புற்றுநோயால் மறைந்தார். அதே 1857இல், படைப்பையும் பாறைகளின் வயதையும் இணைக்க முயன்று அவர் எழுதிய நூலை அறிவியலாரும் ஏற்கவில்லை. சமயப் பற்றாளரும் ஏற்கவில்லை. தாயை இழந்த மகனுடன் தெவன் கரையிலேயே குடியேறி, பாறைக் குழிகளில் ஆறுதல் தேடினார். 1858 முதல் 1860 வரை வெளிவந்த பிரித்தானியக் கடற்சாமந்திகள் பற்றிய பெருநூல், அவரே வரைந்த வண்ணப் படங்களுடன், அத்துயரின் நடுவே பிறந்ததாகும்.

ஆனால் மற்றொரு துயரம் காத்திருந்தது. அவர் நூல்களைப் படித்தவர்கள் கூடையும் உளியும் ஏந்திக் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வந்தனர். கொண்டுபோன உயிர்கள் பேணத் தெரியாதவர் கையில் மடிந்தன; நூற்றாண்டுகளாகத் தழைத்த பாறைக் குழிகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. தாம் நேசித்ததைத் தம் எழுத்தே அழித்தது கண்டு அவர் வருந்தினார். இச்செய்தியை 1907இல் வெளிவந்த தந்தை-மகன் வரலாற்றில் பதிவு செய்தவர் அவர் மகன் எட்மண்ட் காஸ். நம் கவியரசி சரோஜினி நாயுடுவின் கவிதைகளை ஊக்குவித்தவரும் அவரே. தந்தை காஸ் 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் காலமானார்.

நம் தமிழகத்திலும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001 முதல் பவள உயிர்கள் வனவிலங்குச் சட்டத்தின் காவலில் உள்ளன. தெவன் கரைக்கு நேர்ந்தது இங்கு நேராதிருக்கவே இக்காவல். ஓர் உயிரை வீட்டுக்கு அழைக்கும் முன், அது வாழ இடம் ஆயத்தமா என்று பார்ப்போம். ஆயத்தமில்லையேல் கடலிலேயே அது வாழட்டும். காஸ் என்னும் அறிஞருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.